கேபிள் காரில் ஹாங்காங் பெரிய புத்தரைப் பார்த்து வர: முதல்முறை போகிறவர்களுக்கு

துங் சுங் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தபோது கம்பி மட்டும்தான் இருந்தது. அதில் ஒரு பெட்டிகூட ஓடவில்லை. பராமரிப்புக்காக அன்று கேபிள் கார் நிறுத்தம் என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மா, "இதை வீட்டிலேயே பார்த்திருக்கலாமே" என்றார். பார்த்திருக்கலாம். அந்த அறிவிப்பு பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

மறுநாள் மறுபடியும் போய்ப் பார்த்தோம் என்பது வேறு கதை. ஒரு நாள் வேலைக்கு இரண்டு நாள் ஆனது. வாங்கியிருந்த டிக்கெட்டில் ஒன்று வீணானது, ஹாங்காங் போகத் தேவையான பதிவுத் தாளால் சென்னை விமான நிலையத்தில் வியர்த்துக் கொட்டியது. இத்தனை பட்ட பிறகு எழுதும் குறிப்பு இது. லண்டாவ் தீவின் நொங் பிங் மலைமேல் இருக்கும் வெண்கலப் புத்தரைப் பார்த்து வருவது கடினமான காரியம் இல்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்தால்தான் சிக்கல்.

1. விமான டிக்கெட்டுக்கு முன்பே மூடும் நாட்களைப் பாருங்கள்

கேபிள் காரின் பெயர் நொங் பிங் 360. அதன் இணையதளத்தில் பராமரிப்பு நாட்களின் பட்டியல் முன்கூட்டியே வந்துவிடும். சில மாதங்களில் ஒரு நாள், சில மாதங்களில் தொடர்ந்து பல நாட்கள். ஹாங்காங்கில் நீங்கள் இருக்கப்போவது மூன்று நாள்தான் என்றால் அந்த மூன்றும் இந்தப் பட்டியலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது தவிர பலத்த காற்று, இடி மின்னல், புயல் எச்சரிக்கை வந்தாலும் நிறுத்திவிடுவார்கள். பழனி ரோப்கார் காற்றடித்தால் நிற்கும், மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு மூடும் என்று நமக்குப் பழக்கம்தான். ஆனால் வெளிநாடு என்றதும் எல்லாம் எப்போதும் ஓடும் என்று ஏனோ நினைத்துக்கொள்கிறோம்.

ஆகவே புத்தரைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நாளோ இரண்டாம் நாளோ வைத்தால், தவறினாலும் மறுநாள் கையில் இருக்கும்.

வழக்கமான ஓட்ட நேரம் வார நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் காலை 9 முதல் மாலை 6:30 வரை. கிளம்பும் அன்று காலையிலும் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிட்டே ரயில் ஏறுங்கள்.

2. முன்வருகைப் பதிவு: தாளில் அச்சிட்டுக் கையில் வையுங்கள்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஹாங்காங் செல்ல விசா தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. 2017 ஜனவரி முதல் இந்தியர்கள் கிளம்பும் முன்பே இணையத்தில் முன்வருகைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஹாங்காங் குடிவரவுத் துறையின் தளத்தில் செய்ய வேண்டிய வேலை இது, கட்டணம் கிடையாது. பெரும்பாலும் உடனேயே முடிவு தெரிந்துவிடும். ஒப்புதல் கிடைத்தால் ஆறு மாதம் செல்லும். அந்த ஆறு மாதத்துக்குள் பலமுறை போய்வரலாம், ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம்.

மூன்று பொறிகள் உண்டு.

ஒன்று, பணம் கேட்கும் தளங்கள். தேடினால் அரசுத் தளத்துக்கு மேலேயே அவை வந்து நிற்கும். இலவசமாகக் கிடைப்பதை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பார்கள்.

இரண்டு, நம்முடைய பெயர். தமிழர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அதில் அப்பா பெயர் இருக்கும். இன்னும் சிலருக்குச் சொந்தப் பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து இருக்கும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, படிவத்திலும் அப்படியே வர வேண்டும். எங்களுக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்த முகவர் உதவியாகச் செய்கிறேன் என்று அம்மாவின் பதிவையும் அவரே செய்தார். அம்மா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தா பெயர் போய் உட்கார்ந்துகொண்டது. விமான நிலையத்துக்குப் போகும் வழியில்தான் அதைக் கவனித்தேன். காரில் உட்கார்ந்து கைப்பேசியில் புதிதாகப் பதிவு செய்தேன். நல்லவேளையாக உடனே ஒப்புதல் வந்தது. அம்மா அதற்குள் முருகனுக்கு ஏதோ நேர்ந்துகொண்டார்.

மூன்று, அச்சுத் தாள். ஒப்புதல் வந்ததும் கிடைக்கும் அறிவிப்புச் சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்சிட்டு எடுத்துப்போக வேண்டும். கைப்பேசியில் காட்டினால் போதும் என்று நினைத்தேன். விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரிலேயே தாளைக் கேட்டார்கள். நள்ளிரவில் விமான நிலையத்தில் அச்சுப்பொறி தேடி அலைந்ததை விரிவாகச் சொல்லப்போவதில்லை. வீட்டிலேயே இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள்.

குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு வேண்டும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் பழைய பதிவு உதவாது. பதிவு மறுக்கப்பட்டால் முறையாக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே பயணத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாக இதை முடித்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட், விடுதி முன்பதிவு ஆகியவற்றின் அச்சுப் பிரதியும் கைப்பையில் இருக்கட்டும். பதிவு இருந்தாலும் உள்ளே விடுவதா என்பது அங்குள்ள அதிகாரியின் முடிவு.

பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று அச்சிட்ட சிறு துண்டுச் சீட்டு ஒன்றைத் தருவார்கள். கடை ரசீது என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும்.

3. மாதமும் கிழமையும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல காலம். வானம் தெளிந்திருக்கும், வியர்க்காது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மலைமேல் மூடுபனி இறங்கிவிடும். 34 மீட்டர் உயரச் சிலை கண்ணெதிரில் நின்றும் தெரியாமல் போகும். கோடையில் மழையும் புயலும்.

அக்டோபர் முதல் வாரத்தைத் தவிருங்கள். சீனத் தேசிய நாள் விடுமுறையில் பெரும் கூட்டம் வரும். சீனப் புத்தாண்டு, புத்தர் பிறந்தநாள் விடுமுறை ஆகியவையும் அப்படித்தான். செவ்வாய், புதன், வியாழனில் போவது நல்லது.

4. டிக்கெட்: எந்தப் பெட்டி, எங்கே வாங்குவது

சாதாரணப் பெட்டி, தரை மட்டும் கண்ணாடியாக உள்ள பெட்டி, நாலாபுறமும் கண்ணாடியாக உள்ள பெட்டி என்று மூன்று வகை. சாதாரணப் பெட்டியில் போய்வர, பெரியவர் ஒருவருக்கு 300 ஹாங்காங் டாலரை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் சுமார் 11, 12 ரூபாய். கண்ணாடிப் பெட்டிகள் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். 3 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் குறைந்த கட்டணம். முதியவர்களின் வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்.

ஒருவழி டிக்கெட் இருவழியில் பாதி விலை என்று கணக்குப் போடாதீர்கள். பாதியைவிட நன்றாகவே கூடுதல். "போகும்போது கேபிள் கார், வரும்போது பஸ்" என்றால் மிச்சமாகும் பணம் நினைத்த அளவுக்கு இராது.

கண்ணாடித் தரைக்குக் கூடுதல் பணம் தேவையா? என் கருத்தில் தேவையில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் பக்கவாட்டுச் சன்னலில் தெரிகிறது. காலடியில் கொஞ்ச நேரம் கடல், பிறகு நெடுநேரம் புதர்க்காடு. ஒரே ஒரு நன்மை உண்டு. கூட்ட நாட்களில் கண்ணாடிப் பெட்டிக்கான வரிசை பெரும்பாலும் சிறியதாக இருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் அந்த வரிசைக்காக வேண்டுமானால் பணம் கொடுக்கலாம்.

டிக்கெட்டை அதிகாரப்பூர்வத் தளத்தில் வாங்கலாம், பயண விற்பனைத் தளங்களிலும் வாங்கலாம். பின்னதில் சில சமயம் விலை கொஞ்சம் குறையும். வாங்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை பாருங்கள். கையில் வருவது நேரே வாயிலில் காட்டும் டிக்கெட்டா, கவுண்டரில் கொடுத்து மாற்ற வேண்டிய சீட்டா? தேதி மாற்ற முடியுமா? ஓட்டம் நின்றால் பணம் திரும்புமா? நான் வாங்கியது மாற்ற வேண்டிய சீட்டு, தேதி மாற்ற முடியாதது. பராமரிப்பு நாளுக்கே அதை விற்றிருந்தார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை.

5. துங் சுங் வந்து சேர்வது

முதலில் ஆக்டோபஸ் கார்டு. ரயில், பஸ், கடை எல்லாவற்றுக்கும் இந்த ஒரு அட்டை போதும். வாடகை அட்டைக்கு 50 டாலர் முன்பணம், பிறகு தேவையான தொகையை ஏற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி இருவர் ரயில் நிலையத்துக்குள் போக முடியாது. பஸ்ஸில் சில்லறை தர மாட்டார்கள். 50 டாலர் தாளைப் பெட்டியில் போட்டால் அது போனதுதான்.

நகரத்தின் மையத்திலிருந்து வருகிறவர்கள் ஹாங்காங் நிலையத்தில் துங் சுங் தடத்தில் ஏறிக் கடைசி நிலையத்தில் இறங்க வேண்டும். அரை மணி நேரப் பயணம். சிம் சா சுய் பக்கம், குறிப்பாக சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்து விடுதிகளில் தங்குவோர் நம்மில் நிறையப் பேர். அவர்கள் சுயென் வான் தடத்தில் ஏறி லாய் கிங் நிலையத்தில் துங் சுங் தடத்துக்கு மாற வேண்டும். ஹாங்காங் நிலையம் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. வழியில் சன்னி பே என்ற நிலையத்தில் குழந்தைகளோடு ஒரு கூட்டம் இறங்கும். அது டிஸ்னிலாந்துக் கூட்டம், அவர்கள் பின்னால் போய்விடாதீர்கள்.

விமான நிலைய விரைவு ரயிலில் ஏறாதீர்கள். அதன் கட்டணம் பல மடங்கு, துங் சுங்கிலும் நிற்காது.

துங் சுங்கில் பி வாசல். வெளியே வந்தால் கேபிள் கார் நிலையத்துக்கான பலகைகள் தெரியும். தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் பக்கத்து வணிக வளாகத்தில் முடித்துக்கொண்டு வரிசைக்குப் போங்கள்.

இன்னொரு விஷயம். விமான நிலையம் துங் சுங்குக்கு மிக அருகில். ஹாங்காங் வழியாக வேறு ஊர் போகிறீர்கள், நடுவில் எட்டு மணி நேரத்துக்குமேல் பகல்பொழுது கிடைக்கிறது என்றால் இந்தப் பயணத்தை அதற்குள்ளேயே முடிக்கலாம். பெட்டிகளை விமான நிலையப் பொருள்காப்பகத்தில் விட்டுவிட்டு எஸ்1 பஸ்ஸில் ஏறினால் சில டாலரில் துங் சுங். ஆனால் வெளியே வருவதற்கு முன்வருகைப் பதிவு வேண்டும்.

6. வரிசையும் 25 நிமிடமும்

திறப்பதற்கு அரை மணி முன்பு போய் நில்லுங்கள். இரண்டாம் நாள் நாங்கள் ஒன்பதரைக்கு நின்று பத்தே காலுக்குப் பெட்டிக்குள் இருந்தோம். திரும்பி வரும்போது அதே இடத்தில் வரிசை மாடிப்படியைத் தாண்டி வளைந்திருந்தது. முதலில் எந்த வரிசை என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்குவோர், சீட்டு மாற்றுவோர், டிக்கெட் உள்ளவர்கள் என்று தனித்தனி. தவறான வரிசையில் இருபது நிமிடம் நின்று கடைசியில் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தை எங்கள் கண்முன்னே பார்த்தோம்.

தூரம் 5.7 கிலோமீட்டர், சுமார் 25 நிமிடம். கிளம்பியதும் கடல் மேலே போய் விமான நிலையத் தீவில் உள்ள ஒரு நிலையத்துக்குள் பெட்டி நுழையும். வேகம் குறையும், பெட்டி திரும்பும். வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள், கதவு திறக்காது. கம்பி திசை மாறும் இடம் அது. மலை உச்சிக்கு அருகில் இன்னொன்றும் உண்டு. எங்கள் பெட்டியில் ஒரு பெரியவர் இரண்டு முறையும் பையைத் தோளில் மாட்டி எழுந்து நின்றார், இரண்டு முறையும் அவர் மனைவி இழுத்து உட்காரவைத்தார்.

எதிர்த்திசையைப் பார்த்தபடி உட்கார்ந்தால் விமானங்கள் இறங்குவதும் மக்காவ் போகும் நீண்ட கடல் பாலமும் தெரியும். கடைசிச் சில நிமிடங்களில் முன்பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். மலை முகட்டைத் தாண்டியதும் புத்தர் தெரிவார். முதலில் ஒரு கரும்புள்ளி. பிறகு தோள். பிறகு உயர்த்திய வலக்கை. அம்மா அதுவரை கண்ணை மூடிக் கைப்பிடியைப் பற்றியிருந்தவர், அப்போதுதான் திறந்தார்.

உயரத்துக்கு அஞ்சுகிறவர்கள் பெட்டியின் நடுப்பக்கம் உட்காருங்கள். காற்றில் லேசாக ஆடத்தான் செய்யும்.

7. மேலே போனபின்

இறங்கியதும் கடைகள் நிறைந்த ஒரு செயற்கைக் கிராமம் வரும். வேகமாகக் கடந்துவிடுங்கள், எல்லாம் துங் சுங்கில் இதைவிட மலிவு. பத்து நிமிட நடையில் புத்தரின் அடிவாரம். வழியில் மாடுகள் திரியும், தின்பண்டம் கையில் இருந்தால் கிட்டே வரும். நமக்குப் புதிதல்ல, ஆனால் பல நாட்டுக்காரர்கள் புத்தரைவிட்டு மாட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மொத்தம் 268 படிகள். ஏறக் கட்டணம் இல்லை. காலை 10 முதல் மாலை 5:30 வரை. பழனி ஏறியவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல, ஆனால் நிழலே கிடையாது. மதியம் பன்னிரண்டுக்கு ஏறினால் கல் கொதிக்கும். வந்ததும் முதலில் ஏறிவிடுங்கள், சாப்பாடு பிறகு. முழங்கால் வலி உள்ளவர்கள் வருந்த வேண்டாம். முழு உருவமும் கீழேயிருந்துதான் நன்றாகத் தெரிகிறது. அம்மா நூறு படியோடு நிறுத்திக்கொண்டு அங்கிருந்தே கும்பிட்டார்.

பீடத்துக்குள் இருக்கும் மண்டபத்துக்கு மட்டும் தனிச் சீட்டு கேட்பார்கள். சாப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து விற்பதும் உண்டு. இரண்டும் வேண்டுமானால் ஏறுமுன் அடிவாரத்திலேயே வாங்கிவிடுங்கள். மேலே போய்த் தெரிந்துகொண்டால் மறுபடி 268.

எதிரே போ லின் மடாலயம். அதன் உணவுக்கூடம் சுத்த சைவம், மதியம் 11:30 முதல் 4:30 வரை. ஹாங்காங்கில் சைவம் உண்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நகரத்தில் காய்கறி என்று சொல்லி வாங்கினாலும் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். இங்கே அந்த அச்சம் இல்லை. வெங்காயம், பூண்டுகூட இராது. உட்கார்ந்து சாப்பிடும் முழுச் சாப்பாடு 100 டாலருக்கு மேல். அது பெரிதாக வேண்டாம் என்றால் பக்கத்திலேயே சிற்றுண்டிப் பகுதி உண்டு. வறுத்த நூடுல்ஸ், காய் உருட்டிப் பொரித்தது, இனிப்புப் பாகில் மிதக்கும் மென்மையான சோயா தயிர். சோயா தயிரை மட்டும் தவறவிடாதீர்கள். மிளகாய் இல்லாமல் சாப்பாடு இறங்காதவர்கள் வீட்டிலிருந்து ஊறுகாய்ப் பொட்டலம் எடுத்துவரலாம். நாங்கள் எடுத்துப் போயிருந்தோம்.

நேரம் மிஞ்சினால் கால் மணி நடையில் ஞானப்பாதை. பிரஜ்ஞாபாரமிதா இருதய சூத்திரத்தைச் சீன எழுத்தில் செதுக்கிய 38 மரத்தூண்கள் மலைச்சரிவில் நிற்கின்றன. அதுவரை பெரும்பாலோர் வருவதில்லை, அதனாலேயே எனக்குப் பிடித்தது.

8. இறங்குவது

கேபிள் காரில் திரும்புகிறவர்கள் நான்கு மணிக்குள் வரிசைக்கு வந்துவிடுங்கள். ஐந்துக்குமேல் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள்.

மாற்று வழி 23ஆம் எண் பஸ். நேரே துங் சுங் வரும், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். கட்டணம் வார நாளில் 20 டாலரை ஒட்டி, ஞாயிறு மற்றும் விடுமுறையில் 30ஐ ஒட்டி. கேபிள் கார் நின்ற முதல் நாள் நாங்கள் இதில்தான் ஏறிப் பார்த்தோம். கொல்லிமலை போல் வளைவுகள். காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்ட அம்மாவுக்குப் பாதி வழியிலேயே குமட்டியது, அணைக்கட்டு அருகே இறங்கி எதிர் பஸ்ஸில் திரும்பினோம். பஸ்ஸில் குமட்டும் வழக்கம் இருந்தால் மாத்திரையும் ஒரு பிளாஸ்டிக் பையும் கைவசம் இருக்கட்டும். இறங்கும்போது வலப்பக்கச் சன்னலில் உட்கார்ந்தால் நெடுகக் கடல்.

மீனவக் கிராமமான தாய் ஓ போக ஆசைப்படுகிறவர்கள் நொங் பிங்கில் 21ஆம் எண் பஸ்ஸில் ஏறலாம், கால் மணி, இருபது நிமிடம். தூண்களின்மேல் நிற்கும் தகரவீடுகள், காயும் இறால் வாடை, படகுச் சவாரி. அங்கிருந்து 11ஆம் எண் பஸ் நேரே துங் சுங்குக்கு. ஆனால் 21 அடிக்கடி வராது. படியேறப் போகும் முன்பே பஸ் நிறுத்தத்தில் ஒட்டியுள்ள நேரப்பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாய் ஓ போவதென்றால் கேபிள் காருக்கு ஒருவழி டிக்கெட்தான் வாங்க வேண்டும். இருவழி வாங்கிவிட்டு மனம் மாறினால் பணம் திரும்பாது.

9. செலவுக் கணக்கு

சாதாரணப் பெட்டியில் இருவழி, நகரத்திலிருந்து ரயிலில் போய்வருவது, மடாலயத்தில் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 450 முதல் 500 ஹாங்காங் டாலர். பஸ்ஸிலேயே ஏறி இறங்கிச் சிற்றுண்டியோடு முடித்தால் அதில் பாதிகூட ஆகாது. விடுதியிலிருந்து விடுதிக்கு ஏழு மணி நேரம். தாய் ஓ சேர்ந்தால் ஒன்பது.

ஊர் திரும்பும் அன்று ஆக்டோபஸ் கார்டை விமான நிலையத்திலேயே கொடுத்து மீதியையும் முன்பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். குறுகிய காலமே வைத்திருந்தால் ஒரு சிறு தொகை பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கவுண்டர் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே வரும். உள்ளே போனபின் நினைவு வந்து பயனில்லை. எங்கள் அட்டைகள் இரண்டும் இன்னும் வீட்டு மேசை டிராயரில்தான் கிடக்கின்றன.